கூட்டிக் கழிக்க போன் இருக்கு, அளந்து கொடுக்க நீதான் இருக்கே

வயல் பொறுப்பு உன் கைக்கு வந்தாச்சு. உரக் கணக்குக்கு எந்த ஆப் நல்லதுன்னு கேட்டிருந்தே தங்கச்சி. எதை இறக்கினாலும் உள்ளே நடக்கிறது ஒரே கணக்குதான். பயிருக்கு வேண்டிய சத்து எவ்வளவு, அதுல மண்ணும் எருவும் தர்றது எவ்வளவு, மீதிக்கு எத்தனை கிலோ உரம் வாங்கணும். நாம தட்டுற அளவு தப்பா இருந்தா பதிலும் தப்பாத்தான் வரும். அதனால ஆப்பை விட அளவைப் பத்தித்தான் அதிகம் சொல்லப்போறேன்.

பரப்புல இருந்து ஆரம்பி. ஆப் ஹெக்டேர்னு கேட்கும், நாம ஏக்கர், செண்ட்டுன்னு பேசுவோம். உன் பட்டாவுலயே ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கு பாரு. 0-81.00 னு போட்டிருந்தா அது 2 ஏக்கர். அதுல களம், மோட்டார் கொட்டகை, தென்னை நிக்கிற இடம்னு பயிர் வைக்காத நிலத்தைக் கழிச்சுட்டு ஏத்து. இல்லாத நிலத்துக்கு எதுக்கு யூரியா?

அடுத்தது மண்வள அட்டை. 2015-ல ஆரம்பிச்ச திட்டம் இது. கார அமில நிலை, உப்பு, கரிமச் சத்துல இருந்து துத்தநாகம், போரான் வரைக்கும் 12 அளவுகள் இருக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட டிஸிஃபர் மென்பொருள் இந்த மண் அளவையும் நீ எதிர்பார்க்கிற விளைச்சலையும் வச்சுத்தான் உரம் சொல்லுது. விளைச்சல் கேட்கிற கட்டத்துல, டீக்கடையில யாரோ சொன்ன மூட்டைக் கணக்கை எழுதிடாதே. உன் வயல் நல்ல வருஷத்துல கொடுத்ததை எழுது, அதுக்கு மேல கொஞ்சம் கூட்டிக்கோ, போதும்.

ஆப் சொல்றது சரியான்னு ஒரு தடவை நீயே போட்டுப் பாரு. கூகுள் ஷீட்ஸே போதும். குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120:40:40 னு வச்சுக்கோ. ஏக்கருக்குத் தழைச்சத்து 48, மணிச்சத்து 16, சாம்பல்சத்து 16 கிலோ. டிஏபியில மணிச்சத்து 46 சதவீதம், அதனால 16-ஐ 0.46 ஆல வகுத்தா 35 கிலோ டிஏபி. அதுலயே 6 கிலோ தழைச்சத்தும் வந்துடுது. பல பேர் இதைக் கழிக்க மறந்துடறாங்க. மீதி 42 கிலோவுக்கு யூரியா 91 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை ரெண்டு. பொட்டாஷ் 27 கிலோ. இதுக்கும் ஆப் சொல்றதுக்கும் ரொம்ப தூரம் இருந்தா, ஏக்கருக்கும் ஹெக்டேருக்கும் குழப்பம் நடந்திருக்கான்னு முதல்ல பாரு.

நிறைய பேர் கோட்டை விடுறது எருவுல. 'ரெண்டு லோடு அடிச்சேன்'னு சொன்னா ஆப்புக்குப் புரியாது, அதுக்கு டன் வேணும். ஒரு டிராக்டரை எருவோட எடைமேடையில ஏத்து, கொட்டிட்டு காலியா ஒரு தடவை ஏத்து. உங்க டிப்பர் எவ்வளவு பிடிக்கும்னு தெரிஞ்சுடும். ஈர எருவும் காய்ஞ்ச எருவும் ஒரே எடை இல்லைங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோ. தொழுவுரத்துல தழைச்சத்து சுமார் அரை சதவீதம்தான், ஏக்கருக்கு 5 டன் போட்டா 25 கிலோ. அது அத்தனையும் இந்தப் போகத்துக்கே கிடைச்சுடாது, ஒரு பகுதிதான் கிடைக்கும், மிச்சம் மெதுவா வரும். அதனால 25 கிலோவையும் யூரியாவுல கழிச்சுடாதே, அதுக்காக ஒண்ணுமே கழிக்காம விடுறதும் தப்பு. காய்ஞ்ச கோழி எருவுல டன்னுக்கு 30 கிலோ வரைக்கும் தழைச்சத்து உண்டு. ஆப்புல 'எரு'ன்னு பொதுவா ஒரே கட்டம் இருந்தா எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. எரு வகையைத் தனித்தனியா கேட்கிற ஆப்பாப் பார்த்து எடு.

அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகம் செஞ்ச எரு மேலாண்மை மென்பொருள் ஒண்ணு இருக்கு. பெரிய மாட்டுப் பண்ணைகளுக்கு அருமையானது, ஆனா அந்த ஊர் மாநிலங்களோட கணக்குக்காகச் செஞ்சது. இப்படி வெளிநாட்டு ஆப் எதையாவது இறக்கினா ஏக்கருக்கு பவுண்டுன்னு காட்டும், 1.12 ஆல பெருக்கினா ஹெக்டேருக்குக் கிலோ.

மேலுரம் போடுற நாள்ல போனைப் பைக்குள்ள வச்சுட்டு இலை வண்ண அட்டையை எடு. நட்ட 14-ம் நாள்ல இருந்து வாரம் ஒரு தடவை, வெயில் இலையில படாம உன் நிழல்ல வச்சுப் பாரு. வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில எண் 3, மத்த ரகங்களுக்கு 4. அதுக்குக் கீழே இறங்கினாத்தான் யூரியா. ஆப் தேதி வந்துடுச்சுன்னு மணி அடிக்கும், ஆனா இலையோட பச்சை அதுக்குத் தெரியாது.

கடையில பில் வாங்கின அன்னைக்கே தேதி, வயல், உரம், கிலோ நாலையும் ஏத்திடு. மண் மாதிரியை அறுவடை முடிஞ்சு வயல் காய்ஞ்சு கிடக்கிறப்பவே எடு. எருக்குழி ஓரம், வரப்போரம், மர நிழலை விட்டுட்டு, நெல்லு வயல்னா 15 செ.மீ ஆழத்துக்குப் பல இடத்துல எடுத்துக் கலந்து, அதுல அரைக் கிலோ போதும். இந்த வாரமே லேபுக்கு அனுப்பிடு. ரிசல்ட் வந்த பிறகு ஆப்பைத் திற.