பெண்ணைச் சுட்டும் சொற்கள்: வாச்சாத்தி வழக்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

செய்தித்தாள், தொலைக்காட்சி, அரசியல் மேடை ஆகிய மூன்றும் நாள்தோறும் பெண்ணைப் பற்றிப் பேசுகின்றன. பேசப்படும் பெண்ணுக்கு அப்பேச்சில் என்ன இடம் தரப்படுகிறது என்பதே நம் வினா. இதனைப் பொதுப்பட ஆராய்வதினும், நாம் வாழும் வட்டாரத்து நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு ஆராய்தல் பயன் தரும். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அண்மையில், சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஊர் அது. அவ்வூர்ப் பெண்களைச் சுட்டப் பொதுவாழ்வில் வழங்கிய சில சொற்களை இக்கட்டுரை நோக்குகிறது.

கடத்தல்காரர் என்னும் சொல்

1992 சூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தடுக்கும் பணி என்று கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் பெருந்திரளாக வாச்சாத்திக்குள் புகுந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியமும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

இத்துணையும் நடந்த பின்னரும் அவ்வூரார் முதலில் பெற்ற பெயர் 'கடத்தல்காரர்' என்பதே. ஒருவரைக் குற்றவாளி என்று முதலிலேயே பெயரிட்டுவிட்டால், பின்னர் அவர் சொல்லும் முறையீடு குற்றவாளியின் சாக்குப்போக்காகிவிடுகிறது. கடத்தல் நடந்ததாகவே கொண்டாலும், அதற்கு இத்தகைய தண்டனையை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. எனினும் இவ்வெளிய உண்மையை அந்த ஒரு சொல் நெடுநாள் மறைத்து நின்றது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் மாதர் அமைப்பினரும் இடைவிடாது போராடினர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது.

அன்று தமிழகத்தின் முதலமைச்சராக இருந்தவர் ஒரு பெண் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவரே 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் தம் சேலை இழுக்கப்பட்டதாக முறையிட்டவர். அம்முறையீட்டை நம்பியோரும் மறுத்தோரும் பெரும்பாலும் கட்சி வழியே பிரிந்து நின்றனர். 'அம்மா' என்று ஒரு பெண்ணை அரசியல் போற்றிய காலத்திலேயே மலையடிவாரத்துத் தாய்மாரின் சொல் எடுபடாமற் போயிற்று. அரியணையில் ஒரு பெண் அமர்வதும், அடித்தட்டுப் பெண்ணின் சொல் செவிமடுக்கப்படுவதும் வெவ்வேறு செய்திகள் என்பது இதனால் விளங்கும்.

கற்பழிப்பு என்னும் சொல்

இத்தகைய குற்றங்களைக் குறிக்கத் தமிழ் இதழ்கள் நெடுங்காலம் ஆண்ட சொல் 'கற்பழிப்பு'. தொல்காப்பியத்தில் களவியலை அடுத்து வருவது கற்பியல்; ஆண்டுக் கற்பு என்பது மணம் புரிந்த இல்லற ஒழுக்கத்தைக் குறிக்கும். அது இருவர்க்கும் உரிய வாழ்வு. பிற்காலத்தில் அச்சொல் பெண்ணின் உடலோடு மட்டும் பிணைக்கப்பட்டது. அதன் விளைவே 'கற்பழிப்பு' என்னும் தொடர்.

பொருளைப் பறிகொடுத்தவனை நாம் நெறி கெட்டவன் என்று சொல்வதில்லை. திருடனையே அவ்வாறு சொல்கிறோம். இங்கோ, குற்றம் செய்தவன் மறைகிறான். 'அழிந்தவள்' என்று பெண் முன்னே நிறுத்தப்படுகிறாள். 'பாலியல் வன்முறை', 'வன்புணர்ச்சி' என்பன செயலையும் அதன் கொடுமையையும் சுட்டுகின்றன. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மகாராட்டிரத்தின் மதுரா என்னும் பழங்குடிப் பெண்ணின் வழக்கில், காவலர் இருவரை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. அவள் எதிர்த்துப் போராடிய தடயம் இல்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1979இல் சட்டப் பேராசிரியர் நால்வர் இத்தீர்ப்பைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டது.

சிலையும் படமும்

அரசியலுக்குச் சிலைப் பெண்ணைப் போற்றுதல் எளிது. 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற கண்ணகி சிலை 2001இல் அகற்றப்பட்டது. 2006இல் மீண்டும் நிறுவப்பெற்றது. சிலைக்காக எழுந்த குரல்களின் வலிமையை எண்ணும்போது, அதே ஆண்டுகளில் நீதிமன்றத்திற்கு நடையாய் நடந்த பெண்களுக்காக எத்தனை குரல்கள் எழுந்தன என்று வினவத் தோன்றுகிறது. நீதி கேட்டு அவை ஏறியவள் கண்ணகி என்பதை நாம் மறத்தலாகாது.

முஸ்லிம் பெண்ணைக் காட்டும் முறையும் இவ்வாறே ஒற்றைப் படிமத்தில் அடங்குகிறது. செய்தி எதுவாயினும் படம் பர்தா அணிந்த உருவமே. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்னும் நாவலை 1938இலேயே வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டி எழுதினார். எழுதுகின்ற அந்தக் கை படத்தில் இடம்பெறுவதில்லை.

சாட்சி என்னும் சொல்

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று உறுதியாயிற்று; அவருள் 17 பேர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் முதலிய உயர் அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது.

நிகழ்ச்சிக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள் கழிந்தன. அத்துணை ஆண்டுகளும் இப்பெண்கள் தாம் கண்டதையும் பட்டதையும் மாற்றாமல் சொல்லி நின்றனர். கடத்தல்காரர், அழிந்தவர், அபலையர் என்று பிறர் சூட்டிய பெயர்களுள் எதுவும் இவர்க்குப் பொருந்தாது. இவர்கள் சாட்சிகள். அதிகாரத்தின் முன் உண்மையை உரைத்தவர்கள்.

முடிவுரை

2023 ஆகத்தில் உச்ச நீதிமன்றம், பெண்ணைத் தாழ்த்தும் வழக்குச் சொற்களைத் தவிர்க்க நீதித்துறையினர்க்குக் கையேடு ஒன்றை வெளியிட்டது. நீதிபதிகளுக்கே சொல்லில் விழிப்பு வேண்டுமெனின், தமிழ் பயிலும் நமக்கு அது எத்துணை வேண்டும்! மாணவச் செல்வங்கள் இனி ஒரு செய்தியைப் படிக்கும்போது மூன்றை வினவுக: இதில் செயல் புரிந்தவன் யார்? பழி யார்மேல் சார்த்தப்பட்டுள்ளது? அப்பெண் சொன்னது எங்கே? இவ்வினாக்களை எழுப்பும் வாசகர் பெருகினால், எழுதுவோரும் மேடையில் பேசுவோரும் தம் சொல்லைத் திருத்திக் கொள்வர். அம்மாற்றத்தை இவ்வகுப்பறையிலேயே நாம் தொடங்குவோமாக.