பழைய வண்டி வாங்கும்போதும் விற்கும்போதும் பணம் எப்படிக் கை மாற வேண்டும்?



பத்து ரூபாய் பாக்கியைக்கூடப் பேரேட்டில் எழுதி வைக்கும் நாம், மூன்று லட்சம் ரூபாய்க்குப் பழைய வண்டி வாங்கும்போது மட்டும் ஒரு துண்டுச் சீட்டை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். சரக்கு எடுக்க ஒரு லோடு ஆட்டோ, குடும்பத்துக்கு ஒரு கார் என்று புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும், அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி கடைத்தெருக்களிலும் நம்மவர்கள் பலர் பழைய வண்டி வாங்குகிறார்கள், விற்கிறார்கள். இன்ஜினைப் பார்க்க மெக்கானிக்கை அழைத்துப் போகிறோம். பணம் போகும் வழியை யாரும் பார்ப்பதில்லை. வண்டி பழுதானால் சரி செய்யலாம். போன பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: பணமும் கையெழுத்திட்ட காகிதங்களும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். பணம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

ஓர் உதாரணம்

ஆலங்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் டி.என். 55 பதிவுள்ள லோடு ஆட்டோவை ரூ. 3,10,000-க்குப் பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் மேல் பைனான்ஸ் பாக்கி ரூ. 1,20,000 இருக்கிறது. "முழுப் பணத்தையும் கொடுங்கள் அண்ணாச்சி, நாளைக்கே கடனைக் கட்டி என்.ஓ.சி. வாங்கித் தந்துவிடுகிறேன்" என்கிறார் விற்பவர்.

அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அன்று இரவே அவருக்கு ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டால்? வண்டி வாங்கியவர் கடை வாசலில் நிற்கும். பைனான்ஸ்காரரின் பாத்தியம் வண்டியின் மேல் நிற்கும். தவணை தவறினால் தூக்கிக்கொண்டு போவது நம் வாசலில் நிற்கும் வண்டியைத்தான்.

இதையே கீழ்க்கண்டபடி செய்தால் இருவருக்கும் பயமில்லை:

1. முன்பணமாக ரூ. 10,000 மட்டும், அதுவும் வங்கி வழியாக. வண்டி எண், முழு விலை, கடன் பாக்கி, கெடு தேதி, பேரம் முறிந்தால் முன்பணம் யாருக்கு என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

2. கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று பைனான்ஸ் கம்பெனியிடம் விற்பவர் எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தொகையை வாங்குபவர் விற்பவர் கையில் தராமல், நேரே அந்தக் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது பெற வேண்டும்.

3. கடன் நீங்கியதற்கான படிவம் 35-ஐயும், தடையில்லாச் சான்றையும் பைனான்ஸ் கம்பெனியிடம் பெற வேண்டும்.

4. மீதி ரூ. 1,80,000-ஐ, படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவர் கையெழுத்திட்டு அசல் ஆர்.சி.யைக் கொடுக்கும் அதே நேரத்தில் அவர் கணக்குக்கு அனுப்ப வேண்டும். பெயர் மாறும் வரை ஒரு சிறு தொகையை நிறுத்தி வைப்பதென்றால், அதையும் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது.

பேரம் பேசும் முன்பே மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பைனான்ஸ், இன்சூரன்ஸ், எப்.சி. நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துபோயிருந்தால், முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டு அதன் பிறகு பணம் கொடுங்கள். "பணத்தை மச்சான் கணக்குக்குப் போடுங்கள்", "புரோக்கர் கணக்குக்குப் போடுங்கள்" என்றால் ஒப்ப வேண்டாம். புரோக்கர் கமிஷன் தனி. வண்டி விலை தனி.

ரொக்கம்: நம் கணக்குக்கே கேடு

வருமானவரிச் சட்டத்தில் 2017 ஏப்ரல் 1 முதல் வந்த விதிப்படி, ஒரே வியாபாரத்துக்காக ஒருவரிடம் ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று பிரித்து வாங்கினாலும் வியாபாரம் ஒன்றுதான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் பணம் வாங்கியவர் மேல், அதாவது வண்டியை விற்றவர் மேல்.

வாங்குபவருக்கும் நட்டம் உண்டு. கடைக்கென்று வாங்கும் வண்டியின் விலையில், ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை வண்டியின் அடக்க விலையில் சேராது. அதற்குத் தேய்மானம் கழிக்க முடியாது. ஆடிட்டர் வருட முடிவில் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

செக்கும் டிராப்டும்

செக்கை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்காதீர்கள். செக் கணக்கில் வரவாகும் வரை அது வாக்குறுதிதான். பணமில்லாமல் திரும்பினால், 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு நமக்குத் துணை நிற்கிறது: வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ்; நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். வழி இருக்கிறது, ஆனால் கடையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். வண்டி அதற்குள் எந்த ஊரிலோ?

டிராப்டிலும் போலி உண்டு. வாங்குபவருடன் அவர் வங்கிக்கே போய், கவுண்டரில் எழுதித் தருவதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். அது முடியாவிட்டால், டிராப்டைப் போட்டு, கணக்கில் பணம் வந்தபின் வண்டியைக் கொடுங்கள். டிராப்டில் அச்சடித்த போன் நம்பருக்குப் பேசி விசாரிப்பது பயன் தராது. போலி டிராப்டில் நம்பரும் போலியாக இருக்கும்.

ஆர்.டி.ஜி.எஸ்., நெப்ட்

இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ஆர்.டி.ஜி.எஸ்.; அதற்குக் குறைவாக நெப்ட். இரண்டிலும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே போகிறது. ஓர் இலக்கம் தவறினாலும் வேறொருவருக்குப் போய்ச் சேரும். ஆகவே பாஸ்புக் முதல் பக்கத்தை வாங்கிப் பார்த்து எண்ணை எழுதுங்கள். எண்ணுக்குரிய பெயரை அனுப்பும் முன்பே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிராளி போனில் காட்டும் படமோ, வந்து விழும் எஸ்.எம்.எஸ்.ஸோ பணம் ஆகாது. தங்கள் கணக்கைத் தாங்களே திறந்து இருப்பைப் பார்க்க வேண்டும். "இன்று ஞாயிறு, நாளைக்குத்தான் ஏறும்" என்பதும் செல்லாது. நெப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் விடுமுறையின்றி 24 மணி நேரமும் நடக்கின்றன.

வண்டியைப் பார்க்காமலே, "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் அனுப்புங்கள்" என்று வரும் போனை நம்ப வேண்டாம். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நேரத்தைப் போக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

பணம் வந்ததோடு விற்றவர் வேலை முடியவில்லை

2007-ல் காரை விற்ற ஒருவர் பெயர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. அந்தக் கார் பல கை மாறி 2009-ல் விபத்து நடந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. முதலில் விற்றவர்தான் மாட்டிக்கொண்டார்.

ஆகவே நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எழுதியபின் கையெழுத்திடுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் குறித்து டெலிவரி சீட்டில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமை. 30 நாளுக்குள் விண்ணப்பிப்பது வாங்கியவர் கடமை. இன்சூரன்சையும் வாங்கியவர் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

தெரிந்தவரிடம் இத்தனையும் கேட்டால் தவறாக நினைப்பாரோ என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. எடை போடும்போது தராசை வாடிக்கையாளர் பார்க்கிறாரே, நாம் கோபித்துக்கொள்கிறோமா? நாணயமான வியாபாரிக்குச் சரிபார்ப்பு அவமரியாதை அல்ல. அவசரப்படுத்துகிறவரிடம்தான் ஒரு நாள் கூடுதலாகப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.