ஒரு நாள் கணக்கு போதுமா?

வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? திங்கட்கிழமை கணக்கெடுத்தால் ஒரு விடை. செவ்வாய்க்கிழமை எடுத்தால் வேறொன்று. எதை நம்பி இரண்டாவது கவுண்டரைத் திறப்பது?

டென்மார்க் அறிஞர் எர்லாங், 1909ஆம் ஆண்டு தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து வரிசைக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டார். மணிக்குச் சராசரியாக 10 பேர் வர, ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். அக்கோட்பாட்டின் எளிய வாய்பாட்டின்படி, நீண்டகாலச் சராசரிக் காத்திருப்பு 25 நிமிடம். அதே வரிசைக்கு இரண்டு கவுண்டர்கள் இருப்பின், ஏறத்தாழ 1 நிமிடமே!

ஆனால், உணவு இடைவேளையும் மாதத் தொடக்கக் கூட்டமும் எளிய வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை. எனவே, டோக்கன் பதிவுகளிலிருந்து வருகை இடைவெளியையும் சேவை நேரத்தையும் தொகுத்து, சமவாய்ப்பு எண்களின் துணையுடன் ஒரு வேலைநாளைக் கணினியில் நடத்திப் பார்க்கிறோம். இதுவே சிமுலேஷன்.

கணினியில் ஓடிய ஒரு நாளும் ஒரு நாளே. அதில் நூறு பேரின் காத்திருப்பு பதிவானாலும், அவை நூறு தனிச் சான்றுகள் ஆகா. முன்னால் நிற்பவரின் தாமதம் பின்னால் நிற்பவரையும் சேர்கிறது அல்லவா? ஆகவே, ஒரு நாளின் சராசரியை ஒரே சான்றாகக் கொண்டு, வெவ்வேறு சமவாய்ப்பு எண்களுடன் அந்நாளைப் பலமுறை நடத்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 25 ஓட்டங்களின் சராசரி 18 நிமிடம், திட்டவிலக்கம் 10 நிமிடம் என்க. 10ஐ 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுத்தால் 2. அதன் இருமடங்கைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், சராசரி 14 முதல் 22 நிமிடத்துக்குள் இருக்கும் என ஏறத்தாழ 95 விழுக்காடு நம்பிக்கையுடன் கூறலாம். சராசரியும் விலக்கமும் மாறாதிருந்தால், 100 ஓட்டங்களில் இவ்வீச்சு 16 முதல் 20 ஆகச் சுருங்கும். அதாவது, ஐயத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டங்கள் தேவை.

ஓர் எச்சரிக்கை: கணினி தரும் விடை முதலில் இன்றைய கிளையின் பல நாள் பதிவுகளோடு ஒத்துப்போக வேண்டும். அடிப்படைத் தரவு பிழையானால், ஆயிரம் முறை ஓட்டினாலும் பிழை நீங்காது. பிழையான விடையே மேலும் உறுதியானதாகத் தோன்றும்.

இதில் வாடிக்கையாளரின் பங்கும் உண்டு. டோக்கன் எடுக்காமல் நேரே கவுண்டருக்கு வருபவரின் காத்திருப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. அடுத்த முறை தவறாமல் டோக்கன் எடுங்கள். இரண்டாவது கவுண்டருக்கான சான்று அதுவே.