உழைப்பாளியின் காற்சட்டை

உணவும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பர். இம்மூன்றனுள் உடை எல்லார்க்கும் ஒரே வகையில் பயன்படுவதன்று. நிழலில் அமர்ந்து எழுதுவோர்க்கு அது மானங் காப்பது. ஓரளவு அழகு செய்வதும் ஆகும். சுரங்கத்தில் பாறை பிளப்பவனுக்கும், காட்டில் மரம் வீழ்த்துபவனுக்கும், இருப்புப்பாதை இடுபவனுக்குமோ உடையும் ஒரு கருவியே. கோடரி முறிந்தால் வேலை நிற்கும். காற்சட்டை கிழிந்தாலும் வேலை நிற்கும். வேலை நின்றால் அன்றைய கூலியும் இல்லை.

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் நெவாடா என்னும் மாநிலம் உளது. 1859ஆம் ஆண்டில் அங்கு வெள்ளி மிகுந்த பாறைகள் இருப்பது தெரியவந்தது. மக்கள் திரண்டு சென்று மலைகளைக் குடைந்தனர். சுரங்கத்தின் கூரை சரியாமல் முட்டுக் கொடுப்பதற்காக மரங்களை வெட்டிக் குவித்தனர். 1868இல் இருப்புப்பாதையை ஒட்டி ரீனோ என்னும் ஊர் தோன்றியது. அவ்வூரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் சிறு கடை ஒன்று வைத்திருந்தார். பால்டிக் கடற்கரையிலுள்ள ரீகா நகரில் 1831இல் பிறந்து, பிழைப்பை நாடி அமெரிக்கா சேர்ந்தவர் அவர். கூடாரமும், வண்டிக்கு மேற்கூடும், குதிரைக்குப் போர்வையும் தைத்துக் கொடுத்து வாழ்ந்துவந்தார்.

1870ஆம் ஆண்டு முடிவுறும் வேளையில் ஒரு பெண்மணி அவர் கடைக்கு வந்தார். அவருடைய கணவர் மரம் வெட்டும் தொழிலாளி; பருத்த உடலினர். அவருக்கு எளிதிற் கிழியாத காற்சட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டு, அதன் விலையாகிய மூன்று டாலரை அப்பெண்மணி முன்னதாகவே கொடுத்தார். டேவிஸ் வெண்ணிறமான தடித்த கித்தான் துணியை எடுத்து வெட்டித் தைத்தார். ஆயினும் துணி தடித்ததாய் இருந்துவிட்டால் மட்டும் போதுமா?

காற்சட்டை எங்கே கிழிகிறது என்பதை உற்று நோக்கினால் உண்மை விளங்கும். முழங்காலில் துணி தேயும் என்பது மெய்யே; ஆனால் அதற்கு நாள் பல ஆகும். முதலிற் பிரிவது தையலே. தொழிலாளி தன் பையில் ஆணியும் சிறு கருவியும் கல்லும் இட்டு நிரப்புகிறான்; குனிகிறான்; நிமிர்கிறான்; அவசரத்தில் கையை உள்ளே திணிக்கிறான். அத்தனை இழுப்பும் பையின் மூலையிலுள்ள இரண்டு மூன்று நூலிழைகளின்மேல் வந்து விழுகிறது. ஓர் இழை அறுந்தால் அடுத்த இழை தாங்காது. அவருடைய மேசைமேல் குதிரைப் போர்வைகளில் வார் பொருத்துவதற்கான செப்புத் தறையாணிகள் கிடந்தன. அவற்றுட் சிலவற்றை எடுத்துப் பையின் மூலைகளில் வைத்து அடித்து இறுக்கினார் டேவிஸ். தறையாணி துணியின் மடிப்புகளை இருபுறமும் கௌவிப் பிடிப்பதால், இழுவிசை நூலின்மேல் விழாமல் சுற்றியுள்ள துணி முழுவதிலும் பரவிவிடுகிறது. செய்தி மிகச் சிறியதுதான். ஆனால் குதிரைக்குச் செய்ததை மனிதனுக்கும் செய்யலாம் என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

அக்காற்சட்டையைக் கண்ட பிறரும் தமக்கு அதுபோல் வேண்டுமென்று வந்தனர். தம் கைத்திறனைப் பிறர் பறித்துக்கொள்வரோ என்ற அச்சம் டேவிசுக்கு உண்டாயிற்று. காப்புரிமை பெறக் கட்டணமாக 68 டாலர் வேண்டும். எனவே, தமக்குத் துணி அனுப்பி வந்த சான்பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸ் என்பாருக்கு 1872இல் கடிதம் எழுதி, செலவை ஏற்றால் உரிமையில் பாதியைத் தருவதாகக் கூறினார். வணிகர் இசைந்தார். 1873ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் 139121 என்னும் எண்ணுடன் காப்புரிமை வழங்கப்பட்டது. டேவிஸ் சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, காற்சட்டைகள் தைக்கும் வேலையை மேற்பார்த்து வந்தார். 1849ஆம் ஆண்டின் தங்க வேட்டைக் காலத்திலேயே கூடாரத் துணியைக் கொண்டு ஸ்ட்ராஸ் இதனைக் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வது பொருந்தாது. அவர் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்ததே 1853இல்தான். அவர் துணி வணிகரேயன்றித் தையற்காரரும் அல்லர். பொருள் உடையவர் பெயர் நிலைத்துவிட, கைவினைஞர் பெயர் மங்கிப்போவது உலகில் புதிதன்று.

தறையாணியிலும் குறை இல்லாமலில்லை. பின்பைகளில் இருந்த ஆணிகள் குதிரைச் சேணத்தையும் பள்ளிக்கூட நாற்காலிகளையும் கீறின. அதனால் 1937இல் அவற்றைத் துணியால் மறைத்தனர். பின்னர், 1960களில், அவ்விடத்தில் நெருக்கமான நூல் தையலையே வைத்துவிட்டனர்.

இனித் துணியைப் பார்ப்போம். கித்தான் உறுதியானது, ஆனால் விறைப்பானது. அதற்குப் போட்டியாக வந்தது டெனிம். இதில் பாவு நூல் இரண்டு மூன்று ஊடை நூல்களின் மேலே சென்று ஒன்றின் கீழே நுழையும். அடுத்த பாவு ஓரிழை தள்ளி அவ்வாறே நுழையும். ஆதலால் துணியின்மேல் சாய்வான வரிகள் தோன்றும். மேற்புறத்தில் பாவே மிகுதியாக வெளிப்படுவதால் உராய்வின் பெரும்பகுதியை அதுவே ஏற்கிறது. துவைக்கத் துவைக்கத் துணி மென்மையாகும். பாவு நூலுக்கு மட்டும் அவுரி நீலம் ஏற்றுவர். ஊடை வெள்ளையாகவே இருக்கும். அவுரிச்சாயம் நூலின் நடுவரை ஊறிச் செல்வதில்லை. ஆகவே தேய்ந்த இடமெல்லாம் வெளுக்கும். ஒருவன் மண்டியிட்டு வேலை செய்பவனா, தோளிலும் தொடையிலும் சுமை தாங்குபவனா என்பதை அவனுடைய பழைய உடையே காட்டிக்கொடுத்துவிடும். முரட்டு நீலத் துணியை ஆங்கிலேயர் டங்கரி என்று வழங்கிய சொல், மும்பையிலுள்ள டோங்கிரி என்னும் பகுதியின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

1890இல் டேவிசின் காப்புரிமை காலம் முடிந்தது. பிறரும் தறையாணி வைத்துத் தைக்கலாயினர். அதற்கு முந்திய ஆண்டிலேயே டெட்ராய்ட் நகரில் ஹாமில்டன் கார்ஹார்ட் என்பவர் இருப்புப்பாதைத் தொழிலாளர்க்கென உடை தைக்கத் தொடங்கியிருந்தார்.

கடினமான வேலைக்குக் காற்சட்டை வாங்குவோர் முதலில் அதனை உட்புறம் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இரு துணிகளின் ஓரமும் ஒன்றனுள் ஒன்றாக மடித்து, இரட்டை அல்லது மூன்று வரிசை தைத்திருப்பின் அது நீடிக்கும். ஓரம் வெறுமனே தொங்கினால் நீடிக்காது. கால்கள் கூடுமிடத்தில் தனித்துண்டு ஒன்று வைத்துத் தைத்திருந்தால், குந்தும்போது தையல் தெறிக்காது. ஓடு வேய்வோர், தளம் பாவுவோர் போன்று மண்டியிடுவோர்க்கு முழங்காலில் இரட்டைத் துணி வேண்டும். சதுர கெஜத்திற்கு 12 அவுன்சு எடையுள்ள துணி, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம், வன்மையான வேலைக்கு ஏற்றது. எனினும் கடும் வெயிலில் நாள் முழுதும் நிற்பவனுக்கு அவ்வளவு தடிப்பு துன்பமே தரும். கிழியாத உடையை அணிந்து மயங்கி விழுவதால் என்ன பயன்? பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும் என்பதையும் மறத்தலாகாது.

உறுதி ஒன்றையே கருதி வாங்குவது சில தொழில்களில் உயிருக்கே கேடாகும். செயற்கை இழை கலந்த துணி நெடுநாள் உழைக்கும். ஆனால் பற்றவைப்பு வேலையில் தெறிக்கும் தீப்பொறி பட்டால் அவ்விழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அங்குப் பருத்தியே தக்கது. காலின் அடியில் மடித்துவிடுதலும் கூடாது. மடிப்பினுள் பொறி விழுந்து தங்கும். சுழலும் பொறிகளின் அருகே தொளதொளத்த உடை கூடாது. இயந்திர வாளால் மரம் அறுப்போர்க்கு இக்காலத்தில் தனிவகைக் காற்சட்டை உண்டு. அதனுள் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. வாள் தவறிக் காலில் பட்டால் அவ்விழைகள் வெளியே இழுபட்டுச் சங்கிலியைச் சுற்றி அதனை நிறுத்திவிடும். இது தான் கிழிந்து காலைக் காக்கும் உடை.

கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களில் முற்காலக் காற்சட்டைகள் இன்றும் சிற்சில அகப்படுகின்றன. அவ்வாறு கிடைத்த, 1880களைச் சேர்ந்த ஒன்று, 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 76,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதன்மேல் மெழுகுவர்த்தியின் மெழுகு சொட்டிய கறைகள் இருந்தன. இருண்ட சுரங்கத்தில் அதன் உடையவன் அவ்வொளியில் உழைத்திருக்கிறான். அதன் பையின் உட்புறத்தில், வெள்ளையர் உழைப்பால் செய்யப்பட்ட ஒரே வகை இதுவே என்னும் பொருள்படும் வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் இயற்றப்பட்ட காலம் அது. மலைகளின் ஊடே இருப்புப்பாதை அமைத்து ரீனோ என்னும் ஊர் தோன்றுதற்கு வழிசெய்தவருள் பல்லாயிரவர் சீனரே.