பெட்டிங்கில் போன பணம்: எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

கேள்வி: ஐயா, ஆழ்வார்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் கடனா நதிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். மகனுக்கு 23 வயது. டிகிரி முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். 2024-ல் செல்போனில் ரம்மி ஆடி 62,000 ரூபாய் விட்டான். பிறகு யாரோ வாட்ஸ்அப்பில் ஐடி கொடுத்து, கிரிக்கெட் பெட்டிங்கில் இழுத்துவிட்டார்கள். அதில் 2,85,000 போய்விட்டது. பிசான நெல் விற்ற பணமும், கூட்டுறவு வங்கியில் என் நகையை வைத்து வாங்கிய பணமும் அதோடு போயிற்று. சென்ற மாதம் கடைசியாக 40,000 அனுப்பினான். அது ஐடியில் ஏறவே இல்லை. கேட்டதற்கு ஏஜென்ட் இவன் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இப்போது வேறு நம்பரில் இருந்து கூப்பிட்டு, கடனுக்கு ஆடியதில் 55,000 பாக்கி இருக்கிறது, வீட்டுக்கு ஆள் வரும் என்கிறார்கள். வெளிநாட்டில் இப்படித் தோற்றவர்கள் கோர்ட்டில் கேஸ் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குகிறார்களாமே, நாமும் போடலாமா? பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி தூங்குவதும் இல்லை.

பதில்: அம்மா, கடைசியில் சொன்ன 55,000-ல் இருந்தே தொடங்குகிறேன். அவசரம் அதில்தான். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் ஜெயித்த பணம் என்று சொல்லி யாரும் வழக்குப் போடவும் முடியாது. ஆகவே உங்கள் மகன் கடனுக்கு ஆடித் தோற்றது உண்மையாகவே இருந்தாலும், அது சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் ஆகாது. மிரட்டிக் கேட்டால், பணம் பறித்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவும், குற்றமுறு மிரட்டலுக்கு 351-வது பிரிவும் இருக்கின்றன. மகன் இதுவரை வெற்று செக் எதுவும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுத்திருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். செக் வழக்கில் சட்டப்படி செல்லக்கூடிய கடன் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் செக்கிலும் புரோநோட்டிலும் கையெழுத்து இருந்துவிட்டால், கடன் இல்லை என்று காட்டும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். அதனால் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கூட்டுறவு வங்கி நகைக்கடன் இதில் சேராது. சூதுக்குப் போன பணம் என்பதால் அந்தக் கடன் செல்லாமல் போய்விடாது. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கியிருந்தாலும் அப்படித்தான். அவற்றை அடைத்தாக வேண்டும்.

அடுத்து, ஐடியில் ஏறாத 40,000. உங்கள் மகன் இதையும் தோற்ற பணத்தோடு சேர்த்துத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். அது தவறு. அந்தப் பணத்தை வைத்து ஆட்டமே நடக்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு நம்பரை பிளாக் செய்தது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன் கீழ் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம்.

ஆனால் எதிர்த்தரப்பு, எப்படிப் பார்த்தாலும் பந்தயத்துக்காகக் கொடுத்த பணம்தானே என்று வாதாடலாம். அதற்கும் பதில் இருக்கிறது. 1870-ல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர், உலகம் தட்டையானது, உருண்டை என்று நிரூபித்துக் காட்டுவோருக்கு 500 பவுண்டு என்று பந்தயம் கட்டினார். இயற்கை அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஒரு கால்வாயில் அளந்து உருண்டைதான் என்று காட்டினார். பணம் நடுவில் வால்ஷ் என்ற பத்திரிகை ஆசிரியரிடம் இருந்தது. அவர் அதை வாலஸிடம் கொடுக்கும் முன்பே ஹாம்ப்டன் தன் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். வால்ஷ் அதைப் பொருட்படுத்தாமல் வாலஸிடம் கொடுத்தார். 1876-ல் தீர்ப்பு வந்தது: பந்தயம் செல்லாது; பணம் கைமாறும் முன்பே திருப்பிக் கேட்டதால் ஹாம்ப்டன் கட்டிய பணத்தை அவரிடமே கொடுக்க வேண்டும். உலகம் உருண்டை என்பது மாறவில்லை; ஆனாலும் கட்டிய பணம் கட்டியவருக்கே போயிற்று. இதில் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட 1845-ம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் வாசகமும் நம் 30-வது பிரிவின் வாசகமும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே 1967-ல் சீதா ராம் எதிர் ராதாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டவிரோத நோக்கம் பெருமளவில் நிறைவேறாத நிலையில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே 40,000-க்கு உங்கள் மகனுக்கு நல்ல வழக்கு இருக்கிறது.

மிச்சம் 2,85,000. நீங்கள் கேட்ட கேள்வியின் மையம் இதுதான். சங்கடமானதும் இதுதான்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஆஸ்திரியாவில் உரிமம் பெறாத கம்பெனியோடு செய்த சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது, தோற்றவர் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நீதிமன்றங்கள் தொடர்ந்து தீர்ப்பளித்திருக்கின்றன. ஜெர்மனியிலும் இதுபோன்ற வழக்குகள் ஏராளம். இந்தக் கம்பெனிகளில் பல மால்டா தீவில் இருப்பவை. 2023-ல் மால்டா, தன் நாட்டு உரிமத்தோடு நடக்கும் கம்பெனிகளுக்கு எதிரான இத்தகைய வெளிநாட்டுத் தீர்ப்புகளைத் தன் நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. தீர்ப்பு வாங்குவது ஒரு சிரமம். வாங்கிய தீர்ப்பைப் பணமாக்குவது அதைவிடப் பெரிய சிரமம்.

நம் ஊரில் முதல் கட்டமே கடினம். 1959-ல் கெருலால் பரக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தயம் செல்லாது, ஆனால் தனிச் சட்டம் தடை செய்யாதவரை அது சட்டவிரோதமும் ஆகாது என்றது. செல்லாது என்றால் நீதிமன்றம் இரு பக்கமும் கை கொடுக்காது. 65-வது பிரிவில், ஒப்பந்தம் செல்லாது என்று பின்னால் தெரியவந்தால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் பந்தயம் செல்லாது என்பது ஆரம்பத்திலிருந்தே எல்லாருக்கும் தெரிந்தது, ஆகவே அதுவும் உதவாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்தது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் அது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் வரை அபராதம். ஆடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் உண்டு. உங்களிடம் இதை மறைக்க முடியாது. ஆடுகிறவரும் குற்றவாளி என்று சட்டம் சொல்லும்போது, இருவரும் சமமான தவறு செய்தவர்கள், நீதிமன்றம் தலையிடாது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

ஆனாலும் இந்த வழக்கை நான் முழுதாகக் கைவிட மாட்டேன். காரணம் இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 84-வது பிரிவு. சட்டவிரோத நோக்கத்துக்காகக் கொடுத்தவர், வாங்கியவர் அளவுக்குக் குற்றவாளி இல்லை என்றால், அல்லது அந்தப் பணம் வாங்கியவரிடமே தங்குவது சட்டத்தின் நோக்கத்தையே கெடுக்கும் என்றால், வாங்கியவர் அதைக் கொடுத்தவருக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் வைத்துவிட்டு, ஆடுகிறவருக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. ஆடுகிறவர் காப்பாற்றப்பட வேண்டியவர் என்பதே அதன் பார்வை. இந்த இரண்டையும் சேர்த்து நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். நல்ல வாதம். ஆனால் ஜெயிக்கும் என்று உறுதி தந்து உங்களிடம் பீஸ் வாங்க மாட்டேன்.

யார் மேல் வழக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பாஸ்புக் ஜெராக்ஸைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பணம் வேறு வேறு பெயருக்குப் போயிருக்கிறது. ஒன்று டீக்கடை, ஒன்று ரீசார்ஜ் கடை, மூன்று பெண்கள் பெயர், ஒரு டிராவல்ஸ். முதலில் 500, 1,000. பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை 20,000. இவை கம்பெனியின் கணக்குகள் அல்ல. கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட கணக்குகள். கம்பெனி கடல் கடந்து எங்கோ இருக்கிறது. 2,85,000-க்கு 3 சதவீதம் கோர்ட் பீஸ் மட்டும் 8,550 ரூபாய். அதைக் கட்டிவிட்டு யாருக்கு சம்மன் அனுப்புவது? இன்னும் நகை மீட்காத வீட்டில் அந்தச் செலவை இப்போது செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உரிமையியல் வழக்குக்கு 3 ஆண்டு காலக்கெடு உண்டு. போலீஸ் விசாரணையில் கணக்கு வைத்திருப்பவர்கள் யார் என்று தெரிந்த பிறகு முடிவு செய்யலாம். அமலாக்கத் துறை ஏதாவது ஒரு பெட்டிங் கும்பலின் சொத்தை முடக்கினால், பணமோசடித் தடுப்புச் சட்டம் 8(8)-ன் கீழ், நஷ்டப்பட்டவர்கள் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கவும் வழி இருக்கிறது.

ரம்மியில் போன 62,000 திரும்பாது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த அடிப்படையில்தான் மாநிலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருந்து ரம்மியை நீக்கியது. 2024-ல் பதிவு பெற்ற கம்பெனியில் ஆடித் தோற்றதை நீதிமன்றம் திருப்பித் தராது. வாலெட்டில் ஆடாத பாக்கி ஏதாவது நின்றால் மட்டும் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மகனை உட்காரவைத்து 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். அல்லது தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியச் சொல்லுங்கள். 40,000 போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் வங்கியிலேயே நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். இப்போதும் தாமதம் வேண்டாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கிளையில் முத்திரையோடு ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம், போனை விற்க வேண்டாம். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவுப்படி சான்றளித்துத் தாக்கல் செய்ய அந்த போனே வேண்டும். இவற்றோடு தென்காசி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள். அதில் மிரட்டல் அழைப்புகளின் தேதி, நேரம், நம்பரும் இருக்கட்டும். மகன் ஆடியதை மறைக்காமல் எழுதட்டும். மறைத்தால் பாஸ்புக்கே அவனுக்கு எதிராகப் பேசும். பணம் ஏதாவது கணக்கில் முடக்கப்பட்டால், அதை உங்களுக்கு விடுவிக்கக் கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-வது பிரிவின் கீழ் மனுப் போடலாம். அந்த மனுவை நான் போட்டுத் தருகிறேன், பீஸ் வேண்டாம்.

"பாதிப் பணத்தைக் கொடுங்கள், முழுசையும் மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது போனில் வந்தால் நம்பாதீர்கள். ஒரு தடவை ஏமாந்தவர்களின் நம்பர்தான் அவர்களுக்கு அடுத்த வேட்டை.

பிள்ளை தூங்குவதில்லை என்று எழுதியதை நான் இரண்டு தடவை படித்தேன். ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமே தமிழ்நாட்டில் வந்தது, பணத்தை விட்டவர்கள் உயிரையும் விட்டதால்தான். வழக்கு எல்லாம் பிறகு. இன்றைக்கு அவனிடம் கணக்குக் கேட்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கும். கட்டணம் கிடையாது.