தூக்கணாங்குருவியின் இல்லறம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கிழக்கே சென்றால் நரிக்குடியை அடையலாம். அது வானம் பார்த்த பூமி. மழை பெய்து புல்லும் பயிரும் தழைத்ததும், இத்தகைய சீமைகளில் பனைமரங்களிலும் கிணற்றின்மேற் சாய்ந்த கருவேலங் கிளைகளிலும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்குகின்றன.

ஒரே பனையிற் பல கூடுகள் தொங்கும். அவற்றுட் சில நீண்ட வாயிற்குழலுடன் முற்றுப்பெற்றிருக்கும். சில பாதியிலேயே நின்றிருக்கும். ஆண்குருவி ஊஞ்சலாடுதற்கே அரைக் கூடுகள் கட்டப்பட்டன என்று முற்காலத்தார் சிலர் எண்ணினர். மெய்க் காரணத்தைத் தெளிவுறக் காட்டியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. ஜெர்மனியில் பயின்று 1930-இல் தாயகம் திரும்பிய அவருக்கு அப்போது வேலையில்லை. பம்பாய்க்குத் தெற்கே, கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த தூக்கணாங்குருவிக் கூட்டங்களை நாள்தோறும் கூர்ந்து நோக்கினார். வேலையின்மையும் சிலருக்கு இவ்வாறு பயன்படுகிறது!

அவர் கண்டது இது. கூடு பின்னுபவன் ஆண். பசும்புல்லையும் நெல்லிலையையும் பனையோலையையும் நாராகக் கிழித்துக் கொணர்ந்து, அலகினாலேயே முடிந்து பின்னுகிறான். கூடு கவிழ்த்த தொப்பி போன்ற வடிவை அடைந்ததும் வேலையை நிறுத்திச் சிறகடித்துப் பெண்குருவிகளை அழைக்கிறான். பெண் வந்து உள்ளே புகுந்து ஆராய்கிறாள். அவள் ஏற்றுக்கொண்டால் மணம் நிகழும். ஆணும் எஞ்சிய அறையையும் குழலையும் கட்டி முடிப்பான். ஏற்காவிடின் கூடு அரைகுறையாகவே நின்றுவிடும்.

பெண் 2 முதல் 4 வரை வெண்ணிற முட்டைகளிட்டுத் தனித்தே அடைகாக்கிறாள். அப்போது ஆண் என்செய்கிறான்? அருகில் மற்றொரு கூட்டைத் தொடங்கி வேறொருத்தியை அழைக்கிறான்! இவ்வாறு ஒரே பருவத்தில் ஒருவருக்குப்பின் ஒருவராகப் பல மனைவியரைப் பெறுகிறான். குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளை ஊட்டும் பொறுப்பு பெரும்பாலும் தாயினுடையதே. ஆண் சிலவேளை உதவுவதும் உண்டு.

இவனைப் பொறுப்பற்ற தந்தை என்று இகழ்வது பொருந்தாது. தையற்சிட்டில் தாய் தந்தை இருவரும் இரை ஊட்டுகின்றனர். தவிட்டுக்குருவிகளிலோ கூட்டத்திலுள்ள பிற பறவைகளும் துணைநிற்கின்றன. தூக்கணாங்குருவித் தந்தை கூட்டையே தன் பங்காக அளித்துவிடுகிறான். ஓலை நுனியில் ஆடும் அக்கூட்டினுள் பாம்பும் காகமும் எளிதிற் புகமாட்டா. மழைக்குப்பின் புல்விதையும் பூச்சியும் மிகுந்திருத்தலால் தாய் ஒருத்தியே குஞ்சுகளை வளர்க்க இயலுகிறது.

மழை பொய்த்தாலோ, இரை குறைவதோடு கூடு பின்னும் பசும்புல்லும் கிடைப்பதில்லை. காய்ந்த புல் வளையாது ஒடிந்துவிடும். அவ்வாண்டில் பழைய கூடுகளே பழுத்த நிறத்துடன் பனையில் ஆடிக்கொண்டிருக்கும்.