மின்சார வழக்கு டெல்லிக்காரர்களுக்கு மட்டுமா?

மின்சாரமும் போக்குவரத்தும் சார்ந்த ஒழுங்குமுறைச் சட்டம் டெல்லியில் பெரிய கம்பெனிகளுக்கு வாதாடுகிறவர்களின் துறை, குஜிலியம்பாறையிலிருந்து சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு சிவிலும் கிரிமினலும்தான் சோறு போடும் என்பது பரவலான நம்பிக்கை. வழக்கு முடிகிற இடத்தை மட்டும் பார்ப்பதால் வரும் எண்ணம் இது. வழக்கு பிறக்கிற இடம் நம் பக்கம். கரிக்காலியில் சிமென்ட் ஆலை, வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமே திண்டுக்கல்லிலிருந்துதான் இயங்குகிறது. பல மில்கள் கூட்டாகக் காற்றாலை வைத்தால், 2005 மின்சார விதிகளின்படி அவற்றுக்கு அதில் 26 சதவீதப் பங்காவது இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவையே பயன்படுத்த வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் சொந்த உற்பத்தி என்ற தகுதி போய், கூடுதல் கட்டணம் தலையில் விழும். பஸ் பெர்மிட்டும் அப்படித்தான்: மாவட்டத்தில் தொடங்கி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போகும்.

சட்டம் தெரிந்தால் போதும், மீட்டர் தெரிய வேண்டியதில்லை என்று வக்கீல்களே நம்புவது இன்னும் ஆபத்தானது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய பாக்கியை மின்வாரியம் கேட்கவே முடியாது என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 56(2) பிரிவைக் காட்டிச் சொல்வார்கள். ஆனால் ஹரியானாவின் பிரேம் காட்டெக்ஸ் நூல் ஆலைக்கு பில்லில், மீட்டர் அளவைப் பெருக்க வேண்டிய பெருக்கல் காரணி 10 என்பதற்குப் பதில் 5 என்று பதிவாகிவிட்டது. மூன்று வருஷம் பாதி யூனிட்டுக்கே பணம் கட்டிய ஆலையிடம் 2009-இல் சுமார் 1.35 கோடி ரூபாய் கேட்கப்பட்டது. விடுபட்டதைக் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பெருக்கல் காரணி என்ன என்று முதல் மாதமே பில்லைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த வக்கீல் நம் மில்களுக்கு எவ்வளவு தேவை!

மின்வாரியத்தின் குறைதீர் மன்றத்தில் நுகர்வோரே மனு கொடுக்கலாமே, வக்கீல் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். சின்ன பில் தகராறுக்கு வேண்டாம். ஆனால் முறைகேடான பயன்பாடு என்று 126-ஆம் பிரிவில் தொகை விதித்தால் 145-ஆம் பிரிவு சிவில் கோர்ட்டின் கதவை அடைத்துவிடுகிறது. மேல்முறையீட்டுக்குப் போகவே பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும். வழக்கமான சிவில் சூட் போட்டுக் காலம் கடத்தினால் நஷ்டம் கட்சிக்காரருக்குத்தான். தொடக்கத்தில் வருமானம் குறைவு என்பது உண்மை; சென்னை அலைச்சலும் உண்டு. ஆனால் ரிட் மனுவுக்கு 2004 முதல் மதுரைக் கிளை பக்கத்திலேயே இருக்கிறது.

கட்டணத்தை முடிவு செய்யுமுன் மக்களின் ஆட்சேபங்களை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது 64-ஆம் பிரிவு. 2022 ஆகஸ்டில் மதுரையிலேயே அந்தக் கருத்துக்கேட்பு நடந்தது. செப்டம்பர் 10 முதல் கட்டணம் உயர்ந்தது. அடுத்த கூட்டத்துக்கு, நம் வட்டாரத்தில் சட்டம் படிக்கிற பிள்ளைகளே, ஒரு மில்லின் பில்லையும் ஒரு விசைத்தறிக்காரரின் பில்லையும் படித்துவிட்டு, எழுத்தில் ஆட்சேபத்தோடு போங்கள்.